அக்காவின் ஊருக்கு நான் எழுதிய மாதிரி விடைகள்

நான் இதுவரை இலங்கையை விட்டு வெளியே போனதில்லை. ஆனால் அல்ப்ஸ் மலையடியில், ஓர் ஏரிக்கரையில் இருக்கிற சின்ன ஊர் ஒன்றைப் பற்றி என்னிடம் எதையும் கேட்கலாம். ஏரியின் ஆழம், மலைக்காற்று இறங்கும் மாதம், மேட்டிலுள்ள கத்தோலிக்கத் தேவாலயம் கட்டப்பட்ட காலம், கீழேயுள்ள புரட்டஸ்தாந்துத் தேவாலயம் பிரிந்த காரணம், எல்லாம் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன். ஒருநாள் உப்புவெளியில் மீன் வாங்கப்போய், அந்த ஏரி மீனுக்கும் கடல்மீனுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கினேன். மீன்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சேர், தலை வேணுமோ, வெட்டி எறியிறதோ?" என்றார்.

அந்த ஊரில்தான் என் அக்கா இருக்கிறார். சண்டைக் காலத்தில் போனவர். அவரிடம் இருந்தது அகதி அட்டை. அதை வைத்துக்கொண்டு எந்த நாட்டுக்கும் போகலாம், இந்த நாட்டுக்கு மட்டும் வர ஏலாது. அம்மாவின் செத்தவீட்டைக் கைபேசியில்தான் பார்த்தார். இங்கே கைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். திருகோணமலைக்கு ஒருதரம் வந்துபோக வேண்டுமென்றால் அவருக்கு அந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும். அதற்கு முதலில் அந்த ஊர் அவரைத் தன் ஆளாக ஏற்க வேண்டும். ஊர்ச்சபையில் மூன்று பேர் இருந்து நேர்முகம் வைப்பார்கள். ஊரின் புவியியல், வரலாறு, தேவாலயங்கள் பற்றிக் கேட்பார்கள்.

இதை அக்கா சொன்ன அன்று எனக்கு வந்த சந்தோசத்தை மறைக்கமாட்டேன். முப்பது வருடம் புவியியல் படிப்பித்துவிட்டு, திருகோணமலை லிங்கநகரில் பூக்கன்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவன் நான். எனக்கு ஒரு பரீட்சை கிடைத்துவிட்டது. குசினிக்குள் இருந்த மனைவி, "ஐயோ பாவம் மச்சாள்" என்றாள். பரீட்சையை நினைத்துச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

பழைய கலண்டரின் பின்பக்கத்தில் அந்த ஏரியை வரைந்தேன். செய்மதிப் படத்தைப் பார்த்து ஒவ்வொரு தெருவாக நடந்தேன். பழைய வினாத்தாள் கிடைக்காததால் நானே வினா எழுதி, நானே மாதிரி விடையும் எழுதினேன். ஞாயிறுதோறும் வீடியோவில் வகுப்பு. "அக்கா, எங்கட உள்துறைமுகத்தை நினைச்சுக்கொள்ளுங்கோ. சுத்திவர மலை, நடுவில தண்ணி. உப்பை மட்டும் கழியுங்கோ." அக்காவின் மகள் என் விடைகளை டொச்சில், அதாவது அந்த ஊர் பேசும் ஜேர்மன் மொழியில், மாற்றிக் கொடுக்க, அக்கா வேலைக்குப் போகும் பஸ்ஸில் பாடமாக்கினார்.

இரண்டு கட்டளை இட்டிருந்தேன். ஒன்று, சிறுவிடை சொல்லக்கூடாது. முகவுரை, பொருளுரை, முடிவுரை வேண்டும். இரண்டாவது, வேலையைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. மேட்டிலுள்ள அந்தத் தேவாலயத்தைக் கூட்டித் துடைப்பதுதான் அக்காவின் வேலை. லிங்கநகரில் நான் அதை "தேவாலய நிர்வாகம்" என்று சொல்லி வைத்திருந்தேன்.

நேர்முகத்தன்று அவர்கள் முதலில் கேட்டது, ஓய்வு நேரத்தில் ஏரிப்பக்கம் போவீர்களா என்று. அக்கா ஏரியின் நீளம், அகலம், ஆழம் சொல்லி, பனிக்கட்டியாறு அதைத் தோண்டிய விதத்தையும் விளக்கினார். மேட்டுத் தேவாலயத்துக்குள் போயிருக்கிறீர்களா என்று கேட்டார்கள். அக்கா அதன் கோபுரத்தின் கட்டடக்கலையைச் சொன்னார். பக்கத்து வீட்டில் யார் என்று கேட்டபோது, அது என் விடைகளில் இல்லாததால், கொஞ்சம் தடுமாறினார்.

இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. விண்ணப்பதாரி ஊரைப் பற்றிப் படித்திருக்கிறார், ஆனால் ஊரோடு பழகியதாகத் தெரியவில்லை, இரண்டு வருடம் கழித்து வரட்டும் என்று. அக்கா என்னை ஏசவில்லை. "பரவாயில்லை தம்பி, நீ கஷ்டப்பட்டனி" என்றார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் அக்காவின் வாழ்க்கையில் இரண்டு வருடத்தைக் கெடுத்தேன். அதற்கு என்னால் முகவுரைகூட எழுத முடியவில்லை.

நேர்முகம் இரண்டாந்தரம் வந்தபோது, வெட்கமில்லாமல் திருத்திய பதிப்பு ஒன்றை அனுப்பினேன். அக்கா அதைத் திறக்கவேயில்லை. "இந்தமுறை நான் என்ர வேலையைச் சொல்லப்போறன்" என்றார்.

சொல்லியிருக்கிறார். பனி உருகும்போது கோபுரத்தின் எந்த மூலையால் தண்ணீர் ஒழுகும், ஏரிக்காற்று எந்தக் கதவுக்குக் கீழால் சருகைக் கொண்டுவந்து போடும், எந்த வாங்கில் உட்காருகிறவர் கண்ணாடியை மறந்துபோவார் என்றெல்லாம். கேள்வி கேட்ட மூவரில் ஓர் அம்மாவைப் பார்த்து, "உங்கட பச்சைக் குடை இன்னும் என்னட்டத்தான் இருக்கு" என்றாராம். அவர்கள் ஒன்று கேட்டார்கள்: குளிர்காலத்திலும் நீங்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு கூட்டுகிறீர்களே, அது ஏன்? கோயிலுக்குள்ளே செருப்போடு போய் எங்களுக்குப் பழக்கமில்லை என்று அக்கா சொல்லியிருக்கிறார். அந்த ஊர்ப் பாதிரியார் தடித்த கம்பளிக் காலுறை இரண்டு சோடி வாங்கிக் கொடுத்ததையும் சொல்லியிருக்கிறார். அந்தத் தேவாலயத்தைப் பற்றி நான் எழுதிய பதினொரு பக்கத்தில் அதன் தரை குளிரும் என்று ஓர் இடத்திலும் இல்லை.

ஊர் அவரை ஏற்றுக்கொண்டது. மிச்ச அலுவல்களும் முடிந்து, போன மாதம் சிவப்புக் கடவுச்சீட்டு கைக்கு வந்தது. நான் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். துறைமுக வீதியால் போகும்போதெல்லாம் அக்காவுக்கு எதை முதலில் காட்டுவது என்று யோசித்தேன். அவர் பிறந்த ஊரை அவருக்குக் காட்டுவதற்கும் குறிப்பு எழுதத் தொடங்கியிருந்தேன். புத்தி அப்படி.

போன கிழமை அக்கா போனில் கூப்பிட்டார். அந்த நாட்டுக் குடியாகிவிட்டதால் இலங்கைக்கு வர அவருக்கு இப்போது விசா வேண்டும். கணினிக்கு முன்னால் விண்ணப்பத்தோடு இருந்தார்.

"தம்பி, வாற நோக்கம் என்ன எண்டு கேக்குது."

"என்ன தெரிவு இருக்கு?"

"சுற்றுலா, வியாபாரம், வேற நாட்டுக்குப் போற வழியில தங்கிறது. வீட்டை வாறன் எண்டு ஒரு கட்டம் இல்லையடா."

முப்பது வருடம் எந்தக் கேள்விக்கும் விடை வைத்திருந்தவன் நான். எனக்கு அழுகை வந்தது. அது அக்காவுக்குக் கேட்கக்கூடாதென்று போனைத் தள்ளிப் பிடித்தேன். அக்கா என் விடைக்காகக் காத்திருந்தார். வகுப்பில் என்னிடம் விடை கேட்டுவிட்டு எப்போதும் அப்படித்தான் இருப்பார்.

"சுற்றுலா எண்டு போடுங்கோ அக்கா" என்றேன்.

"ஓம்" என்று சொல்லிவிட்டு அதையே போட்டார். என் மாதிரி விடைகளில் சரியென்று எடுபட்டது அது ஒன்றுதான்.