பதில் சொல்லாத கேப்டன்

லிஃப்ட் மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை வாங்குவதற்குள் உயிர் போய்விடும். கூட வேலை செய்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான். எங்காவது பழுது என்றால் மொட்டைமாடி மோட்டார் அறைக்குள் போய், காதை மோட்டாரிடம் கொடுத்துவிட்டு நிற்பார். காவலாளி, மேலாளர், உள்ளே மாட்டி வெளியே வந்தவர் என்று ஆளுக்கொரு காரணம் சொல்லி ஓய்ந்த பிறகு, "பிரேக் தேஞ்சிருக்கு" என்பார். அன்றைய பேச்சு முடிந்தது. "வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்று மனைவி முப்பது வருஷமாகக் கேட்கிறாள். அதற்கும் இன்னும் பதில் வரவில்லை.

வேலை கிடைத்து வெளியூர் போன மகள், தன் வீடியோ கேம் பெட்டியை டிவியோடு விட்டுப்போயிருந்தாள். முழங்கால் வலியில் பத்து நாள் வீட்டில் கிடந்த மெக்கானிக் அதைத் தூசு தட்டி ஆன் செய்தார். ஒரு விண்கலத்துக்குக் கேப்டன் ஆனார். இவ்வளவு சுலபமாக அவருக்கு எந்தப் பதவி உயர்வும் வந்ததில்லை.

கலத்தில் ஐந்து கூட்டாளிகள். பழகலாம், மனசு ஒத்துப்போனால் காதலிக்கவும் செய்யலாம். நான்கு பேர் ஒரு பாராட்டுக்கே குழைந்துவிடுவார்கள். பைலட் மட்டும் வேறு ரகம். நீலத் தோல், நான்கு கைகள், நான்கையும் கட்டிக்கொண்டு நிற்பாள். அவள் எதையாவது சொன்னால் திரையில் நான்கு பதில்கள் வரும். பக்கத்தில் ஒரு வளையம் சுருங்கும். எட்டு நொடிக்குள் ஒன்றை அமுக்க வேண்டும். மெக்கானிக் கண்ணாடியை மூக்கில் ஏற்றி இரண்டாவது பதிலின் பாதிக்கு வருவதற்குள் வளையம் காணாமல் போகும். கேப்டன் பேசாமல் நிற்பார். பைலட் ஒரு கணம் பார்ப்பாள். பிறகு, தான் விட்டுவிட்டு வந்த தம்பியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்வாள்.

"தம்பியா?" என்றாள் மகள் தொலைபேசியில். "அப்பா, நான் மூணு தடவை முழுசா ஆடியிருக்கேன். அவளுக்குத் தம்பி இருக்கறதே எனக்குத் தெரியாது. எதை அமுக்குனீங்க?"

"ஒண்ணும் அமுக்கல."

மெக்கானிக்குக்குப் புல்லரித்தது. எங்கேயோ ஓர் அறையில் யாரோ உட்கார்ந்து, பதில் சொல்லத் தெரியாத ஒருத்தனும் வருவான் என்று யோசித்து, அவனுக்கென்று ஒரு கதையை எழுதி வைத்திருக்கிறார்கள். பெற்றவர்கள்கூட அவருக்காக அவ்வளவு யோசித்ததில்லை.

மகள் எங்கெங்கோ தேடிப் படித்துவிட்டு மறுபடி கூப்பிட்டாள். "தம்பி இருக்கற நிலையத்துக்குக் கிட்ட போனதும் 'இறங்கிடட்டுமா'ன்னு கேப்பா. அங்கேயும் பேசாம இருந்தீங்கன்னா போயிடுவா. திரும்பி வரவே மாட்டா. முதல் பதில் 'இரு'. படிக்க வேணாம், அமுக்குங்க."

ஞாயிற்றுக்கிழமை மதியம் நிலையம் தெரிந்தது. மனைவி பக்கத்து நாற்காலியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"கேப்டன், நான் இங்கேயே இறங்கிடட்டுமா?" என்றாள் பைலட். வளையம் சுருங்கத் தொடங்கியது.

"போகாதே" என்றார் மெக்கானிக். வாயால். கண்ணாடி போடாமல், யோசிக்காமல், இரண்டே நொடியில். கட்டைவிரல் மட்டும் அசையவில்லை.

வளையம் மறைந்தது.

"பதினேழு தடவை நான் பேசினேன். ஒரு தடவைகூட நீ குறுக்கே வரல" என்றாள் பைலட். "இந்தத் தடவை வந்திருக்கலாம்." கலத்தை ஓட்டும் இருக்கையின் மேலிருந்து நான்கு கைகளையும் ஒவ்வொன்றாக எடுத்தாள். கதவு மூடியது.

மெக்கானிக் வாயடைத்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு அது புதிதில்லைதான். ஆனால் இது வேறு மாதிரி வாயடைப்பு. அவர் பேசாமல் இருந்த தடவைகளை எண்ணியிருக்கிறார்கள். ஒன்று விடாமல் எண்ணியிருக்கிறார்கள்.

மனைவியின் கையில் சட்டை பாதி மடிப்பில் நின்றது. "என்கிட்ட ஒரு நாளாவது இப்படிச் சொல்லியிருக்கீங்களா?"

"நீதான் எங்கேயும் போகலையே."

மனைவி பாதியில் நின்ற சட்டையைப் பிரித்து, முதலிலிருந்து மடித்தாள்.

மாலையில் மகள் வழி சொன்னாள். "முந்தின இடத்துலேர்ந்து திரும்ப ஆடலாம்பா. இந்தத் தடவை அமுக்கிடுங்க, இருந்துடுவா."

"வேணாம்மா."

"ஏன்?"

"பதினேழையும் எண்ணி வெச்சிருக்கா. அவகிட்ட போய், நீ அந்தக் கேள்வியைக் கேக்கவே இல்லேன்னு சாதிக்கறதா?"

ஆக, பைலட் இல்லாமலே கலம் கிளம்பியது. ஓட்டத் தெரியாத கேப்டன் தானே ஓட்டினார். மனைவி துணிகளை ஒதுக்கிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இடது பக்கம் பாறை வருது, பாருங்க."

"பார்த்தேன்" என்றார்.