சித்தப்பா போட்ட ஆமாம்

சித்தப்பாவின் சலூனில் ஒரு வழக்கம் உண்டு. நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அவர் சொல்வதற்கெல்லாம் சித்தப்பா ஆமாம் போடுவார். கழுத்தில் கத்தி இருக்கும்போது வாக்குவாதம் கூடாது என்பது அவர் கொள்கை. ஆளுங்கட்சிக்காரர் எழுந்து எதிர்க்கட்சிக்காரர் உட்கார்ந்தால், துண்டோடு சேர்த்துக் கருத்தையும் மாற்றிவிடுவார்.

'சாட்டை' என்று எல்லோரும் அழைத்த மேடை நகைச்சுவைக்காரர் இறந்த மறுநாள், நான் கடை பெஞ்சில் உட்கார்ந்து செல்போன் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தேன். நான்கைந்து வருடம் தேசாந்திரியாகத் திரிந்துவிட்டு வந்தவளுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. போனில் பாதிப்பேர் அழுதிருந்தார்கள். பாதிப்பேர் சனியன் தொலைந்தது என்று எழுதியிருந்தார்கள்.

கடையிலும் அதே கதைதான்.

"சிரிக்க வெச்சே உண்மையச் சொன்ன மனுஷன்," என்றார் நாற்காலியிலிருந்த பஸ் டிரைவர்.

"ஆமா சார். இனி எங்க அப்படி ஒருத்தர்?"

அடுத்து உட்கார்ந்தவர் வக்கீல். அவர் தோற்ற வழக்குகளைச் சாட்டை ஒருமுறை மேடையில் கிழி கிழியென்று கிழித்திருந்தார்.

"என் மானத்த வாங்கினான். ஒழிஞ்சான்."

"ஆமா சார், நாக்கா அது? விஷம். மேடையில என்னையும் விடல. கடையத் திறந்தா மொதல்ல என் மூக்கு உள்ள போகுமாம், அப்புறம்தான் நான் போவேனாம். போய்ச் சேர்ந்தது நல்லதுதான்."

வக்கீல் போனதும், என் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்த கசங்கிய சட்டைக்காரர் எழுந்தார்.

"நான் அவன் அண்ணன். அவன் முகத்துக்கு நீங்கதான் கடைசியா ஷேவ் பண்ணணும்னு கூப்பிட வந்தேன்."

சித்தப்பாவின் முகம் செத்துப்போயிற்று. "சார்... ஏதோ வாய்க்கு வந்ததை..."

"ரெண்டு பேருக்கும் ஆமாம்னீங்க. எது நிஜம்?"

அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. கத்தியை மடக்கினார், விரித்தார்.

"மூக்கைச் சொன்னதுல கோவம் நிஜம் சார். செத்தது நல்லதுன்னது பொய். அவர் வந்தாதான் கடையே கலகலன்னு இருக்கும்."

"கோவக்காரன் கையில கத்தி கொடுக்கணுமா?"

"அந்தக் கோவத்தோடதான் சார் இத்தனை நாளும் பண்ணேன். ஒரு கீறல் விழுந்ததில்ல. வேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க."

அண்ணன் வாசல்வரை போய் நின்றார். திரும்பாமலே சொன்னார்: "வாங்க."

சாமான் பையை நான் தூக்கிக்கொண்டேன். வழியெல்லாம் சித்தப்பா, "காதுல விழுந்திருச்சே பாப்பா, காதுல விழுந்திருச்சே," என்று முனகிக்கொண்டே வந்தார்.

அந்த வீட்டு வாசலில் சிலர் அழுதார்கள். சாட்டையின் பழைய ஜோக் ஒன்றைச் சொல்லிச் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். உள்ளே, சித்தப்பா சாட்டையின் முகத்தில் நுரை போட்டார். ஒரு பக்கம் முடித்து, உதட்டோரம் வந்ததும் பழக்கத்தில் சொல்லிவிட்டார்:

"கன்னத்தை உப்புங்க சார்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. கத்தியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, தோளில் கண்ணைத் துடைத்தார். சுவரோரம் நின்ற அண்ணன் பக்கத்தில் வந்து, தம்பியின் கன்னத்தை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்தார். சித்தப்பா அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. மெதுவாக வழித்தார்.