முதல் திரையில் ஒரு வசனம்

சுவிட்சர்லாந்தின் பேர்ண் நகரில் ஒரு நிறுவனத்தில் மென்பொருள்களுக்குத் திரை வடிவமைப்பது என் வேலை. எந்தப் பட்டன் எங்கே இருக்கவேண்டும், அதில் என்ன எழுதவேண்டும் என்று பகல் முழுக்க ஜெர்மனில் யோசிப்பேன். தமிழில் அப்படி யோசித்தது ஒரே ஒரு தடவைதான்.

என்னோடு படித்த நண்பன் ஒருவன், ஒஃபிஸ் மென்பொருளுக்குள் சேர்ந்து இயங்கும் தமிழ் எழுத்துப்பிழை திருத்தி ஒன்றைச் செய்திருந்தான். இங்குள்ள தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்காகச் செய்தது. திருத்தி நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அதைக் கணினியில் ஏற்றி முடிப்பதற்குள் ஆட்கள் களைத்துப்போனார்கள். உங்கள் மென்பொருள் எந்தப் பதிப்பு, எத்தனை பிட், எந்த ஃபோல்டர் என்று கேள்விக்கு மேல் கேள்வி. பலர் பாதியில் விட்டுவிட்டார்கள்.

"நீதானே பட்டன் கீறுற ஆள், இதை ஒருக்காப் பார்" என்று என்னிடம் தந்தான்.

கணினியே கண்டுபிடிக்கக்கூடிய கேள்விகளை எல்லாம் தூக்கினேன். 'நிறுவுக' என்பதை 'கணினியில் ஏற்று' என்று மாற்றினேன். பிறகு பக்கத்து ஊரான ஓஸ்டர்முண்டிகனில் இருக்கும், தமிழ் படிப்பிக்கும் ஒரு அன்ரியிடம் கொண்டுபோனேன். மருத்துவமனையில் தாதியாக இருக்கிறார். அன்று அவருக்கு லீவு. மடிக்கணினியை அவர் பக்கம் தள்ளிவிட்டு, உதவி செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் திரையைச் சுலபமாகக் கடந்தார். அடுத்தது நிபந்தனைகள். எல்லோரும் வாசிக்காமலே 'சம்மதம்' பட்டனை அமத்துகிற இடம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரை வாசித்தார்.

"பிள்ளை, நான் எழுதுறது உங்களிட்டை வருமோ?"

"இல்லை அன்ரி."

"வராதெண்டு இதிலை ஒரு இடத்திலையும் போடேல்லையே."

"வராது அன்ரி, நான் சொல்லுறன்தானே."

"பள்ளிக்கூட வேலை மட்டும் எண்டால் பரவாயில்லை. நான் வேறையும் எழுதுறனான்." மடிக்கணினியிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அதை ஒருத்தரும் பாக்கக்கூடாது."

என்ன எழுதுகிறார் என்று நான் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் ரயிலிலேயே வசனத்தை எழுதினேன்: 'நீங்கள் எழுதுவது எதுவும் உங்கள் கணினியை விட்டு வெளியே போகாது.' முதல் திரையில், பெரிய எழுத்தில் போடவேண்டும் என்று நண்பனுக்கு அனுப்பினேன். உடனே எனக்குப் போன் எடுத்தான்.

"இதைப் போடேலாது."

"ஏன், நீளமோ?"

"உண்மையில்லை."

அகராதியில் இல்லாத சொல்லைக் கண்டால் திருத்தி அதை இணையத்தில் அவன் வைத்திருக்கும் சேர்வருக்கு அனுப்புகிறதாம். எனக்கு அதுவரை தெரியாது.

"சொல்லு மட்டும்தான் வருது. ஆர் எழுதினதெண்டு எனக்கே தெரியாது. அது வராட்டி அகராதி எப்பிடி வளரும்?"

கெட்ட எண்ணம் ஒன்றும் அவனுக்கு இல்லை. நாங்கள் பேசும் சொற்கள் எதுவும் விடுபடக்கூடாது என்ற ஆசைதான். எனக்குக் கோபம் வந்தது. அன்ரி கையை எடுத்தது நினைவுக்கு வந்தது.

"அகராதியிலை இல்லாத சொல்லு எண்டால் என்ன? ஆக்களின்ரை பேர்தானே."

அவன் விசைப்பலகையைத் தட்டுவது போனில் கேட்டது. தன் சேர்வரைத் திறந்து பார்த்திருக்கவேண்டும். "ஓம், கனக்க ஆக்களின்ரை பேர் கிடக்கு" என்றான்.

வந்ததை எல்லாம் அழித்தான். அனுப்புகிற வேலையையும் நிறுத்தினான். முதல் திரையில் 'தெரியாத சொற்களை எங்களுக்கு அனுப்பலாமா?' என்று ஒரு கேள்வியும் அதன் பக்கத்தில் ஒரு வெறும் பெட்டியும் வைத்தோம். விரும்பினவர்கள் பெட்டியில் சரி அடையாளம் போடட்டும். போடாவிட்டால் ஒன்றும் வெளியே போகாது என்று அதன் கீழேயே எழுதினேன். போடுகிறவர்கள் குறைவு. அகராதி ஊர்ந்து ஊர்ந்துதான் வளர்கிறது. அவன் இன்றைக்கும் முணுமுணுப்பான்.

புதிய திரைகளோடு அன்ரியிடம் போனேன். இந்த முறையும் முழுக்க வாசித்தார். பெட்டியை வெறுமையாகவே விட்டார். ஏறி முடிந்ததும், தான் முன்பு எழுதிய எதையோ திறந்தார். ஒரு சொல்லின் கீழ் சிவப்புக் கோடு விழுந்தது.

"பிழையில்லை, இது சரி" என்று கணினியைப் பார்த்தே சொன்னார். பிறகு திரையை என் பக்கத்திலிருந்து கொஞ்சம் திருப்பிக்கொண்டார். நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.