பீலித் தண்ணீரும் என் சிரிப்பும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, கண்டிக்குப் பக்கத்தில் அக்குறணை டவுனுக்குள் வெள்ளம் புகுந்த வாரத்தில் நடந்தது இது. நான் அங்கே ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். வீடு டவுனுக்கு மேலே, மலையில், தேயிலைத் தோட்டத்தில்.

கடை முதலாளியின் குடும்பம் கடைக்குப் பின்னால் மாடி வீட்டில் இருந்தது. முதலாளியின் மனைவியைக் கடையில் எல்லோரும் உம்மா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய மகள் எட்டு மாதக் குழந்தையோடு தாய்வீட்டுக்கு வந்திருந்த நேரம் பார்த்து வெள்ளம் வந்தது. கீழ்வீடு முழுக்கச் சேறு. கிணற்றுக்குள் சாக்கடை போய்விட்டது, குழாயில் தண்ணீர் வரவில்லை, கடைகளில் போத்தல் தண்ணீரும் முடிந்துவிட்டது. குழந்தைக்குப் பால்மா கரைக்கக்கூடத் தண்ணீர் இல்லை என்று உம்மா போனில் சொன்னபோது எனக்குப் பாவமாக இருந்தது.

உண்மையைச் சொல்ல வேண்டும், கொஞ்சம் பெருமையும் வந்தது. தண்ணீர்தானே வேண்டும், எங்களிடம்தான் பீலி இருக்கிறதே! பீலி என்றால் மலை ஊற்றிலிருந்து குழாய் வைத்து இறக்கிய தண்ணீர். எங்கள் லயத்துக்கு, தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளுக்கு, பக்கத்தில் ராப்பகலாகக் கொட்டும். பார்த்தால் கண்ணாடி, குடித்தால் பல் கூசும். கொழும்புக்கு வேலைக்குப் போன எங்கள் ஆட்கள் எல்லோரும் முதலில் குறை சொல்வது அங்கத்திய தண்ணீரைத்தான். கோயிலுக்குக் குடம் நிரப்புவதும் இந்தப் பீலியில்தான். அதைக் கொதிக்க வைப்பது எங்கள் தோட்டத்தில் யாருக்கும் வழக்கம் இல்லை.

என் தம்பியின் ஆட்டோவில் ஏழு கேன் ஏற்றிக்கொண்டு இறங்கினோம். ரோட்டில் முழங்கால் அளவு சேறு. முதல் கேனை உம்மாவின் மாடிக்குத் தூக்கிப் போனேன். கேஸ் அடுப்பை எப்படியோ காப்பாற்றி மேலே வைத்திருந்தார். தண்ணீரை ஒரு கிளாசில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"கொதிக்க வெக்கத் தேவல்லயா மகள்?"

நான் சிரித்தேன். சும்மா இல்லை, வாய்விட்டுச் சிரித்தேன்.

"பீலித் தண்ணிய யாராச்சும் கொதிக்க வைப்பாங்களா உம்மா? பொறந்ததுல இருந்து நாங்க இதத்தான் குடிக்கிறோம்."

உம்மாவும் வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டார். குழந்தைக்கு அந்தத் தண்ணீரில்தான் பால் கரைத்தார்கள். மீதிக் கேன்களை அந்தத் தெரு வரிசையில் இருந்த வீடுகளுக்குக் கொடுத்தோம். எல்லோரும் வாயார வாழ்த்தினார்கள். ஏதோ பெரிய தர்மம் செய்தவள் மாதிரி வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் குழந்தைக்கு வயிற்றோட்டம். தொடர்ந்து வாந்தி. மறுநாள் கண் உள்ளே போய், அழக்கூடச் சத்தில்லாமல் கிடந்ததைப் பார்த்துக் கண்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வரிசையில் இன்னும் நாலு வீட்டில் வயிற்றோட்டம். என் தம்பிக்கும்தான், அவன் கொத்து ரொட்டி மேல் பழியைப் போட்டான். நான் வெள்ளத்தின் மேல் போட்டேன். பீலியை நினைக்கவே இல்லை.

சுகாதாரப் பரிசோதகர் வீடு வீடாக விசாரித்துக்கொண்டு வந்தார். மேலேயிருந்து தண்ணீர் வந்ததாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வந்து பாருங்கள் ஐயா, எங்கள் பீலி எப்படி இருக்கிறது என்று நானே அவரை மலைக்குக் கூட்டிப் போனேன்.

பீலியைப் பார்த்தார். தண்ணீர் எப்போதும் போலத் தெளிவாகத்தான் கொட்டியது. ஊற்று தொடங்கும் இடம் எது என்று கேட்டார். எனக்குத் தெரியாது! இருபத்தெட்டு வருடம் குடித்த தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாள்கூட ஏறிப் பார்த்ததில்லை. குழாயைப் பிடித்துக்கொண்டே அட்டைக் கடியோடு மேலே ஏறினோம்.

ஏறிய இடத்தில் மண் சரிந்திருந்தது. சரிவில் ஒரு மலசலகூடக் குழி பாதியாகப் பிளந்து, உள்ளே இருந்ததெல்லாம் கசிந்து ஊற்றுக் கண்ணுக்கு மேலேயே இறங்கிக்கொண்டிருந்தது. நாற்றத்தில் இருவரும் மூக்கைப் பொத்திக்கொண்டோம். யாருடைய குழி என்று அவர் கேட்டார். குழியை மூடியிருந்த தகரம் சேற்றில் செருகிக்கிடந்தது. பச்சைப் பெயின்ட் அடித்த தகரம்.

அது எங்கள் பழைய லயத்துக் கூரைத் தகரம். அதற்குப் பச்சைப் பெயின்ட் அடித்ததே நான்தான். அதற்கு முந்தின வருடம் லயத்தை விட்டு மேலே தனி வீடு கட்டிப் போனபோது, மண் இளகலாக இருக்கிறது, தோண்டுவது லேசு என்று வீட்டுக்குப் பின்னால் சரிவில் அந்த இடத்தைக் காட்டியதும் நான்தான். கக்கூசிலிருந்து குழாய் மட்டும்தான் அங்கே இறங்கும், புதர் மறைத்த அந்தப் பக்கம் நாங்கள் யாரும் இறங்குவதில்லை; குழி பிளந்தது அதனால்தான் தெரியவில்லை. மண் ஏன் இளகலாக இருக்கிறது, அடியில் ஊற்று ஓடுகிறதா என்று அப்போது யாருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை.

எங்கள் வீட்டு மலத்தைக் கேனில் பிடித்து, ஆட்டோவில் ஏற்றி, ஒரு பச்சைக் குழந்தைக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனேன். குழந்தையின் காலில் ஊசி குத்தி சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. உம்மா பக்கத்தில் கதிரையில் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் ஒளிக்காமல் சொன்னேன். திட்டுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றேன். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. குழந்தையின் பாதத்தைத் தடவியபடி மெதுவாகச் சொன்னார்:

"நான் கேட்டன் தானே, மகள்."

அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த ஆறாம் நாள் குழந்தை கண் திறந்து அழுதது என்று முதலாளி போன் பண்ணினார். கடையில் எல்லோர் முன்னாலும் விம்மி அழுதேன். பழைய குழியைத் தூர்த்துவிட்டு, வீட்டுக்கு அந்தப் பக்கம், ஊற்றைவிட்டுத் தள்ளி வேறு குழி கட்டிவிட்டோம். பீலித் தண்ணீரை இப்போது லயத்தில் எல்லோரும் கொதிக்க வைக்கிறார்கள். அந்தக் குழந்தைக்கு இப்போது நாலு வயதாகப் போகிறது. கடைக்கு வந்தால் துணிக்கட்டு மேல் ஏறிக் குதிக்கும். உம்மா பழையபடி என்னோடு பேசுகிறார், தேத்தண்ணி ஊற்றித் தருகிறார்.

தெளிவாக இருந்த தண்ணீரை நம்பியதற்கு என்னை நானே எப்படியோ மன்னித்துவிட்டேன்; ஆனால் சரியான கேள்வியைக் கேட்ட ஒரு தாயைச் சிரித்தே வாயடைத்த அந்த ஒரு நொடியை மட்டும் இன்றைக்கு வரைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.