மிளகாய் மில்லில் நூற்றெட்டு டெசிபல்

இரண்டு வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை, நோர்வூட் பஜாரில் ஒரு மிளகாய் மில்லுக்குள் நின்றுகொண்டு, "யாரும் இருமாதீங்க!" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

மிளகாய் மில்லில் போய் நின்று இருமாதே என்றால்? எல்லாரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். என் கோலமும் அப்படி. ஒரு கையில் டிவி ரிமோட் மாதிரி ஒரு கருவி. அதன் தலையில் எள்ளுருண்டை அளவுக்கு ஒரு கறுப்பு ஸ்பான்ஞ். இன்னொரு கையில் மூக்குக் கண்ணாடிக்கு ஆணி முடுக்கும் பொடி ஸ்குரூ டிரைவர்.

நான் தமிழ் டீச்சர் என்பது இந்தப் பக்கத்தை வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். புணர்ச்சி விதி கேட்டால் சொல்வேன். டெசிபலுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் வந்தது, ஊரே அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் நிஸாம் நானாவால். அவருடையதுதான் அந்த மில். மிளகாய், மல்லி, அரிசி... சுற்றியிருக்கும் தோட்டங்களில் இருந்து வருகிற எல்லாம் அங்கேதான் தூளாகும். மில்லை ஒட்டின கட்டடத்தில் யோகராஜா சாரின் கணித டியூஷன். கீழே வகுப்பு, மேலே அவர் வீடு. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்.

பத்து வருஷமாக அந்தச் சுவர் ஒரு பிரச்சினையும் இல்லாமல்தான் நின்றது. போன வருஷத்தில் இருந்து சாருக்கு மில் சத்தம் தாங்க முடியாமல் போய்விட்டது. கடைசியில், மில்லை பஜாரில் இருந்து அகற்ற வேண்டும் என்று பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி ஒரு மனு எழுதிவிட்டார். திங்கட்கிழமை பிரதேச சபைக்குப் போவதாக ஏற்பாடு.

இரண்டு பேருமே எனக்கு வேண்டியவர்கள். சார் என் மகனுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். நானா இல்லாவிட்டால் என் வீட்டில் குழம்பே இல்லை. இரண்டு பேரும் தனித்தனியாக வந்தார்கள்.

"டீச்சர், நான் வட்டத்தோட பரப்பளவு சொல்றேன். பிள்ளைங்களுக்கு 'கரகர'ன்னுதான் கேக்குது. சோதனை வருது. எனக்கு ராத்திரி தூக்கமும் இல்ல" என்றார் சார்.

"அரைச்சா சத்தம் வராமலா இருக்கும் டீச்சர்? ஊமை மில்லு எங்கயாச்சும் விக்கிதா? இத மூடிட்டு நானும் இங்க வேலை செய்றவங்களும் எங்க போறது?" என்றார் நானா.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பத்தி எழுதுகிறவளால் அது முடியுமா? "சண்டை எதுக்கு? அளந்து பாத்துடுவோம்" என்றேன்.

என் அண்ணன் மகள் தர்ஷினி கொழும்பில் இருக்கிறாள். தொழிற்சாலைகளுக்குப் போய்ச் சத்தம் அளப்பதுதான் அவளுக்கு வேலை. இப்படியும் ஒரு வேலை இருக்கிறது பாருங்கள்! அவளிடம் மேலதிகமாக இருந்த மீட்டர் ஒன்றை பஸ்ஸில் அனுப்பிவைத்தாள். கூடவே ஒரு குட்டி டப்பா. பெயர் கலிபிரேட்டர்.

"அத்தை, மீட்டர அப்பிடியே நம்பக் கூடாது. மொதல்ல அதுக்குச் சரியான சத்தம் எதுன்னு சொல்லிக் குடுக்கணும்" என்றாள் போனில்.

அந்த டப்பாவின் பட்டனை அழுத்தினால் 'ஊ...' என்று ஒரே சுருதியில் கூவும். அந்தக் கூவல் எப்போதும் தொண்ணூற்று நான்கு டெசிபல். மீட்டரின் மைக்கை டப்பாவின் வாய்க்குள் நுழைத்தால் திரையிலும் 94 தெரிய வேண்டும். தெரியாவிட்டால், மீட்டரின் பக்கவாட்டில் இருக்கும் ஊசித் துளைக்குள் ஸ்குரூ டிரைவரை விட்டு, 94 வரும் வரை பூப்போலத் திருப்ப வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? வீட்டில் பழகிப் பார்த்தபோது, மைக் உள்ளே போகவில்லை என்று ஐந்து நிமிஷம் மல்லுக்கட்டினேன். ஸ்பான்ஞ் உருண்டையைக் கழற்ற வேண்டும் என்று எனக்கு யார் சொன்னது? என் கணவர் எட்டிப் பார்த்து, "எள்ளுருண்டையோட எப்பிடிப் போகும்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சனிக்கிழமை. மில் நிறுத்தப்பட்டது. மேசையின் ஒரு பக்கம் நானா, மறுபக்கம் சார். சுற்றிலும், தூள் வாங்க வந்த பத்துப் பேர். போன் ஸ்பீக்கரில் தர்ஷினி.

"அத்தை, அந்த டப்பாவோட ஒரு பேப்பர் இருக்கும். அதுல உயரத்தப் பத்தி என்ன போட்டிருக்குன்னு பாருங்க. மலையில காத்தழுத்தம் கொறைவு."

நானா நிமிர்ந்து உட்கார்ந்தார். "காத்து கொறைவுன்னா சத்தமும் கொறைவுதானே? அப்ப என் மில்லு கொழும்புல இருந்தாத்தான் சத்தம். இங்க சத்தமே இல்ல!"

"என் காதும் மலையிலதான் இருக்கு நானா" என்றார் சார்.

பேப்பரைப் பிரித்தேன். இரண்டாயிரம் மீட்டர் உயரம் வரை கவலையில்லை என்று இருந்தது. பீதுருதாலகாலை உச்சியில் போய் மில் வைத்தால்தான் பிரச்சினை. நோர்வூட் தப்பியது.

டப்பா கூவியது. திரையில் 92.6. துளைக்குள் ஸ்குரூ டிரைவரை விட்டேன். ஒரு மயிரிழை திருப்பினால் 95. திரும்பத் திருப்பினால் 93. யாரோ இரும, கை தவறி 97. அப்போதுதான் அந்தக் கத்தல்: "யாரும் இருமாதீங்க!"

கடைசியில் நின்றது... 94.0. நானா எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். சார் தன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "சரி" என்றார். இரண்டு பேரும் ஒரு கொப்பித் தாளில் கையெழுத்தும் போட்டார்கள். ஒரு சமாதான ஒப்பந்தம் கையெழுத்தான மாதிரி எனக்கு ஒரே பெருமை.

"போடுங்க மில்ல!"

பாக்கியம் அக்கா சுவிட்சைப் போட்டு, செத்தல் மிளகாயைக் கொட்டினார். பன்னிரண்டு வருஷமாக அந்த மெஷினோடு நிற்பவர் அவர். முகத்தைச் சுற்றி ஒரு துண்டு. எனக்கு அந்தத் துண்டு இல்லை. மீட்டரில் 'ஸ்லோ' பட்டனை அழுத்த வேண்டும் என்று தர்ஷினி சொன்னது ஞாபகம் வந்து, ஏதோ ஒரு பட்டனை அழுத்திய அதே நொடியில்... தும்மினேன். நேராக மைக்குக்குள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், 108.3.

"நூத்தியெட்டு!" என்றேன். சார் எழுதிக்கொண்டார். நானாவின் முகம் சுருங்கிப்போனது.

அடுத்து சாரின் வகுப்பு. நாற்பது பிள்ளைகள் பெஞ்சுகளில் காத்திருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் மில் ஓடுகிறது. மீட்டரைத் தூக்கிப் பிடித்தேன். 108.3.

"பாத்தீங்களா! மில்லுக்குள்ளயும் அதேதான், என் வகுப்புலயும் அதேதான். ஒரு புள்ளி கொறையல. சுவர் இருந்து என்ன பிரயோசனம்?" சாரின் குரல் தழுதழுத்தது. கணக்கு வாத்தியார் அல்லவா? இலக்கம் தன் பக்கம் பேசினால் உருகிவிடுகிறார்.

நானாவுக்கு மட்டும் மனது ஒப்பவில்லை. "டீச்சர், மில்ல நிப்பாட்டிட்டு ஒருக்கா பாருங்களேன்."

நிறுத்தினார்கள். நிசப்தம். 108.3.

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"மில்லு நிக்கிது. அப்ப இது யாரோட சத்தம்?" என்று கேட்டார் நானா.

யாரோடது? பஸ் இல்லை. ஹோர்ன் இல்லை. நாற்பது பிள்ளைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள். ஆனால் எண் அசையவில்லை. கலிபிரேட் பண்ணி, கையெழுத்து வைத்த மீட்டர்! அது பொய் சொல்லுமா?

"ட்ரான்ஸ்போமரா இருக்கும்" என்றார், தூள் வாங்க வந்தவர்களில் ஒருவர். "ஆத்துத் தண்ணி" என்றார் இன்னொருவர். முன் பெஞ்சுப் பிள்ளை ஒன்று எழுந்து, "பூமிக்குள்ள இருந்து வருது மிஸ். 'ங்ங்ங்'னு ஒரு சத்தம்" என்றது.

அவ்வளவுதான். எல்லாருக்கும் கேட்க ஆரம்பித்துவிட்டது. ஒருவருக்கு 'ங்ங்ங்'. ஒருவருக்கு 'ஹூம்'. மண் சரியப் போகிறது என்று ஒருவர் வாசலுக்கே போய்விட்டார். சொல்லவே வெட்கமாக இருக்கிறது... எனக்கும் கேட்டது. சத்தியமாகக் கேட்டது.

பாக்கியம் அக்கா மட்டும் வாசலில் நின்று, "எனக்கு ஒண்ணும் கேக்கலீங்களே" என்றார்.

"உங்களுக்கு என்னதான் கேட்டிச்சு அக்கா!" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

தர்ஷினியைத் திரும்ப அழைத்தேன். நோர்வூட்டுக்கு அடியில் என்னவோ இருக்கிறது என்று நான் மூச்சு வாங்கச் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டாள்.

"அத்தை, திரையோட மூலையில சின்னதா 'மெக்ஸ்'னு இங்கிலீஷ்ல எழுதியிருக்கா?"

பார்த்தேன். "...இருக்கு."

"அப்ப அது வந்ததுலயே கூடின சத்தத்தப் பிடிச்சு வச்சிக்கிட்டு நிக்கிது. அந்த நூத்தியெட்டு எப்ப வந்துச்சு?"

ஸ்பீக்கரில் கேட்டதால் எல்லாருக்கும் கேட்டது. பொய் சொல்ல வழியில்லை.

"நான் தும்மினப்ப."

நானா முதலில் சிரித்தார். பிறகு பிள்ளைகள். பிறகு வாசலுக்கு ஓடினவர். நாற்பது பிள்ளைகள் ஒன்றாகச் சிரித்தால் எத்தனை டெசிபல் என்று அளந்திருக்க வேண்டும். மறந்துவிட்டேன். பூமிக்குள் சத்தம் கேட்ட பிள்ளை, "எனக்கு அப்பவே சந்தேகம் மிஸ்" என்றது.

சிரிக்காமல் நின்றது ஒரே ஒருவர்.

"ஆனா..." என்றார் யோகராஜா சார், மெதுவாக. "எனக்கு இன்னும் கேக்குதே."

"சார், பகிடி பண்ணாதீங்க" என்றார் நானா.

"இல்ல நானா. இப்பவும் கேக்குது. 'கீ'ன்னு. உங்க மோட்டர்தானே?"

நானா அவரையே பார்த்தார். "மோட்டர் நிக்கிது சார். நேத்து ஜும்ஆத் தொழுகைக்கு மில்லு பூட்டினோமே, அப்பவும் கேட்டிச்சா?"

"கேட்டிச்சு."

"ராத்திரியில?"

"ராத்திரியிலதான் கூட. நீங்க திருட்டுத்தனமா ஓட்றீங்கன்னு நெனச்சேன்."

கோபம் இருந்த இடத்தில் அவர் முகத்தில் இப்போது பயம் வந்து உட்கார்ந்திருந்தது. பிள்ளை எழுந்து சந்தேகம் கேட்டால் காதில் விழ வேண்டிய தொழில் அல்லவா அவருடையது? ஒரு வருஷமாக சுவருக்கு அந்தப் பக்கம் தேடிக்கொண்டிருந்த சத்தம், அவர் தலைக்குள்ளேயே இருந்திருக்கிறது.

"அத்தை, சார மொதல்ல காது டொக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க" என்றது போன். தர்ஷினி இன்னும் லைனில்தான் இருந்தாள்.

அதன்பிறகு மீட்டரை நிறுத்திப் போட்டு, திரும்ப டப்பாவுக்குள் வைத்து 94 வருகிறதா என்று பார்த்து, ஒழுங்காக அளந்தோம். வகுப்பில், மில் ஓடும்போது 71. கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் ஊரை விட்டு விரட்டுகிற அளவு இல்லை. மில்லுக்குள் 97.

அந்தத் தொண்ணூற்றேழைச் சொன்னதும் தர்ஷினியின் குரல் மாறியது. "அதுக்குள்ள நாள் முழுக்க நிக்கிறது யாரு?"

பாக்கியம் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். என்ன பேசுகிறோம் என்று அவருக்குக் கேட்கவில்லை. சும்மா சிரித்துக்கொண்டு நின்றார். நாற்பது பெற்றோர் கையெழுத்து வைத்த மனுவில் அவரைப் பற்றி ஒரு வரி இல்லை. அளக்கப் போன எனக்கும் அதுவரை தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை நானாவின் வேன் நுவரெலியாவுக்குப் போனது. முன் சீட்டில் சார், பின் சீட்டில் பாக்கியம் அக்கா. மனு சாரின் மேசை லாச்சியிலேயே தங்கிவிட்டது.

டொக்டர் சாரின் இரண்டு காதுகளையும் பார்த்துவிட்டு, எத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாராம். அடைத்துக்கொண்டிருந்தது காதுக் குறும்பி! இளக்கி எடுத்தார்கள். மூன்றே நாளில் அந்தக் 'கீ' அடங்கிவிட்டது.

பாக்கியம் அக்காவுக்கு அப்படி எடுத்துப் போட ஒன்றும் இல்லை. போன செவிப்புலன் போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார்களாம். இப்போது தலைக்கு மேலால் பெரிய காதுமூடி மாட்டிக்கொண்டு மிளகாய் கொட்டுகிறார். நானாதான் வாங்கிக் கொடுத்தார். "ஹெலிகொப்டர் ஓட்ற மாதிரி இருக்கு டீச்சர்" என்று என்னிடம் சொன்னார் அக்கா, எனக்கே காது அடைக்கிற சத்தத்தில்.

சரி, பிரச்சினை தீர்ந்ததா? எங்கே தீர்ந்தது! காது திறந்துகொண்ட மறுநாளே சார் மில் வாசலில் நின்றார்.

"நானா, இப்பத்தான் உண்மையாவே கேக்குது. என்ன சத்தம் இது! எப்பிடித்தான் பொறுத்துக்கிட்டு இருந்தேனோ!"

நானா தலையில் கை வைத்துக்கொண்டார். தானே வேனில் கொண்டுபோய்த் திறந்துவிட்டு வந்த காது அல்லவா? யாரிடம் முறையிடுவார்? இந்தத் தடவை மனு எழுதவில்லை. பிளேன்டீயோடு பேசினார்கள். மெஷினுக்கு அடியில் பழைய டயரை வெட்டிப் போட்டார்கள். மாலை வகுப்பு நடக்கும் இரண்டு மணித்தியாலமும் மிளகாய் இல்லை என்று முடிவானது. மல்லிக்கு அனுமதி உண்டு. அது கொஞ்சம் மெதுவாக அரைபடுமாம்.

நேற்று சார் எனக்குப் போன் பண்ணினார். குரலில் ஒரே பதற்றம்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். என் வகுப்புல பின் பெஞ்சுப் பிள்ளைங்க நான் படிப்பிக்கிற நேரம் பூராவும் பேசிக்கிட்டே இருக்குதுங்க. எனக்கு ஒரு பேர் வேற வச்சிருக்குதுங்க! ஊருக்கே தெரியுமாம். உங்களுக்கும் தெரியுமா?"

மில் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.