பதினெட்டாம் இடத்தில் நின்ற சென்னியப்பன்

நெருப்பெரிச்சலில் இருபத்தாறு தையல் மெஷின்களோடு பனியன் யூனிட் நடத்தும் சென்னியப்பனுக்கு வயது ஐம்பத்து மூன்று. பத்தொன்பதாம் வயதில் அவர் பார்த்த முதல் வேலை, தைத்து வந்த பனியன்களில் தொங்கும் நூல் பிசிறுகளை நறுக்குவது. முதலாளியான பிறகும் சட்டைப்பையில் பிசிறு வெட்டும் சின்னக் கத்தரியான டிரிம்மர் இல்லாமல் அவர் வெளியே கிளம்பியதில்லை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரின் சட்டையில் பிசிறு தெரிந்தாலும் விரல் பரபரக்கும்.

ஐம்பது வயதில் அவரைப் பிடித்த பித்து, கார்ப் பந்தயம். கோவைக்கு அருகே நடக்கும் அந்தப் போட்டியில் ஓட்டுகிற எல்லாருமே, தொழில் ஒருபுறமிருக்க, ஆசைக்காக ஓட்டுகிறவர்கள். கார்கள் பதினெட்டு, பதினெட்டும் ஒரே மாடல், ஒரே என்ஜின், ஒரே டயர். யாரும் எதையும் மாற்றிவிடாதபடி என்ஜினைக் கம்பியால் கட்டி ஈய முத்திரை குத்தியிருப்பார்கள். வேகமான காரை விலை கொடுத்து வாங்க வழியில்லை; ஓட்டுகிற கைதான் வித்தியாசம்.

முதல் ஆண்டு பதினாறாம் இடம்; அடுத்த ஆண்டு ஒன்பது. மூன்றாம் ஆண்டின் கடைசிப் பந்தயத்துக்கு வந்தபோது புள்ளிப் பட்டியலில் அவர் பெயர்தான் முதலில் இருந்தது. அன்று ஐந்தாம் இடத்துக்குள் முடித்தால், வேறு யார் வென்றாலும் ஆண்டுக் கோப்பை அவருக்கே. ஆறாவதாக வந்தால், கோவை நூற்பாலை முதலாளி இளங்குமரன் தட்டிக்கொண்டு போய்விடக்கூடும்.

காலைத் தகுதிச் சுற்றில் இரண்டாவதாக வந்தார். பிறகு பானெட்டைத் திறந்து துடைத்தவரின் கண்ணில், என்ஜின் ஓரம் நீட்டிக்கொண்டிருந்த கம்பி முனை பட்டது. கை தானாகப் பைக்குள் போயிற்று. ஒரே நறுக்கு. உள்ளங்கையில் ஈய முத்திரை விழுந்தது.

அதை எடுத்துக்கொண்டு அவரே, போட்டிக் கார்களைச் சோதிக்கும் ஆய்வாளர் ஜெயபாரதியிடம் போனார்.

“யாருங்க வெட்டுனது?”

“நாந்தானுங்க. பிசிறாட்டத் தொங்குச்சு. கை சும்மா இருக்கலீங்க.”

ஜெயபாரதி என்ஜினை முழுவதும் சோதித்தார், எதுவும் மாறவில்லை. ஆனாலும் முத்திரை அறுந்தால் பந்தயத்தைக் கடைசி இடத்தில் நின்றுதான் தொடங்க வேண்டும் என்பது விதி.

“ஏனுங்கண்ணா, காரென்ன எக்ஸ்போர்ட் பீஸுங்களா, பிசிறு வெட்டி அனுப்பறதுக்கு?” என்று இளங்குமரன் சிரித்தார். “பின்னாடியே நின்னு எங்களையெல்லாம் நல்லாச் செக் பண்ணிட்டு வாங்க!”

மனைவி இந்துமதி சிரிக்கவில்லை. “மூணு வருசமா ஞாயித்துக்கிழமையெல்லாம் இங்கயே போச்சுங்க. அஞ்சுக்குள்ள வராம ஊட்டுப் பக்கம் வந்துராதீங்க.”

பந்தயம் பதினைந்து சுற்று. முதல் இரண்டு சுற்றும் அவர் யாரையும் முந்தப் பார்க்கவில்லை. முன்னால் போனவர்களைக் கவனித்தார். துணி பின்னும் நிட்டிங் மெஷினில் ஓர் ஊசி பழுதானால், துணி எத்தனை மீட்டர் ஓடினாலும் கோடு அதே இடத்தில்தான் விழும். ஓட்டுகிற கையும் அப்படித்தான், தப்பு அதே இடத்தில்தான் வரும். ஒருவர் மூன்றாம் வளைவில் சீக்கிரமே பிரேக் பிடித்தார். இன்னொருவர் ஏழாம் வளைவில் விலகி விலகிப் போனார். அந்தந்த இடத்தில் காத்திருந்து ஒவ்வொருவராகத் தாண்டினார். ஆறாம் சுற்றில் பதின்மூன்றாம் இடம், பத்தில் எட்டு, பன்னிரண்டில் ஆறு.

ஐந்தாவதாக ஓடிக்கொண்டிருந்தவர் ஊத்துக்குளி நெய் வியாபாரி ஆத்தப்பன். அவரிடம் கோடே இல்லை. இரண்டு சுற்று உற்றுப் பார்த்தும் குறை அகப்படவில்லை. கடைசிச் சுற்று தொடங்கியபோதுதான் சென்னியப்பனுக்கு உறைத்தது: இத்தனை பேரைச் சோதித்தவர் தன்னைச் சோதிக்கவில்லை. கடைசி வளைவில், சுவரிலிருந்த வெள்ளைக் குறி வந்ததும் மூன்று ஆண்டுகளாக அவர் கால் தேவைக்கு முன்பே பிரேக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கோடு அவருடையது.

வெள்ளைக் குறி வந்தது, போயிற்று. மனத்துக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டு மிதித்தார். கார் துள்ளியது, ஆனால் வளைவின் உட்புறத்தை விடவில்லை. வெளியே வரும்போது ஆத்தப்பன் அரைக் கார் பின்னால் இருந்தார்.

ஐந்தாம் இடம். மூன்று ஆண்டுகளில் அவர் ஓட்டிய சுற்றுகளிலேயே அந்தக் கடைசிச் சுற்றுதான் மிக வேகமானது.

பந்தயத்தில் முதலாவதாக வந்த இளங்குமரன் ஓடிவந்து கட்டிக்கொண்டார். “ஜெயிச்சது நானு, கோப்பை உங்களுக்குங்களா? நல்லா இருக்குதுங்கண்ணா நியாயம்!”

ஊருக்குக் கிளம்பும்போது சென்னியப்பன் கோப்பையை முன் சீட்டில் உட்காரவைத்து பெல்ட்டும் மாட்டினார்.

“அப்ப நான் எங்கீங்க உக்கார்றது?” என்றார் இந்துமதி.

“இன்னிக்கு ஒரு நாளைக்குப் பின்னாடி உக்காந்துக்கோ கண்ணு. நானே பதினெட்டாவதா நின்னுட்டுத்தான் வந்தேன்.”