விலக்கு வாங்கிய வெர்லின்

பெர்டன் ஊரில் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுக்க உரிமம் பெற்றவர் ஒருவர்தான். அவர் வெர்லின் நோவசெக். முப்பது வருடத்துக்கு மேலாக அதே நாற்காலி, அதே எழுத்துப் பலகை, மண்டைக்குள்ளும் கல்லூரியில் ஏற்றிய அதே பழைய சரக்கு. புதிதாகக் கற்பது என்றால் அவருக்கு வேப்பங்காய்.

"மனுஷனுக்குக் கண்ணு ஆதாம் காலத்துலேருந்து ரெண்டுதான். இதுல புதுசா என்னத்தக் கத்துக்கிறது?" என்று டார்லீனின் காபிக் கடையில் உட்கார்ந்துகொண்டு அடிக்கடி கேட்பார். மேசையைச் சுற்றியிருக்கும் சோளக்காட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். தன் சாமர்த்தியத்துக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டுமானால் இத்தனை மணி நேரம் வகுப்பில் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். வெர்லினும் போவார். ஆற்றங்கரைச் சூதாட்ட விடுதியில் கூட்டம் நடக்கும். வாசலில் கையெழுத்துப் போடுவார். லென்ஸ் கம்பெனிக்காரன் இலவசமாகத் தரும் பையையும் பேனாவையும் ஒன்றுக்கு இரண்டாக வாங்கிக்கொள்வார். பேச்சாளர் தொண்டையைச் செருமுவதற்குள் பின்கதவு வழியாக நழுவிவிடுவார். மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் டாண் என்று ஆஜர். படித்தவர்கள் இதைத் தொடர் கல்வி என்றார்கள்.

அந்த வருடம் இந்தப் பிழைப்பில் மண் விழுந்தது. இனிமேல் ஒவ்வொரு வகுப்பும் முடியும்போது திரையில் ஓர் எண் தெரியுமாம். அதை எழுதிக் கொடுத்தவர்களுக்குத்தான் கணக்கில் மணி ஏறுமாம். போதாக்குறைக்கு, வெர்லின் ஒரு வருடமும் தவறவிடாத ஃபெசன்ட் காட்டுக்கோழி வேட்டை தொடங்கும் சனிக்கிழமையில் கூட்டத்தை வைத்துத் தொலைத்தார்கள். வெர்லின் வாழ்நாளில் முதல்முறையாக விதிப் புத்தகத்தைப் பிரித்துப் படித்தார். கடும் நோயாளிகளுக்கு வகுப்பிலிருந்து விலக்கு உண்டு என்று ஒரு வரி கண்ணில் பட்டது. நேரே ஓரின் பெல்லிடம் ஓடினார்.

ஓரின் அந்த ஊரின் ஒரே பொது மருத்துவர், வெர்லினின் பள்ளித் தோழர். தன் தொழிலுக்கான வகுப்பு ஒன்றைக்கூடத் தவறவிடாத மனிதர்.

"ரெண்டே வரிடா ஓரின். இதயம் சரியில்ல, ரொம்ப நேரம் உக்காரக் கூடாதுன்னு."

"உனக்கு எருமை மாட்டு இதயம்டா. என்னைப் பொய் எழுதச் சொல்றியா?"

"அந்த வகுப்புல உக்காந்தா நெசமாவே நின்னுபோயிடும்."

"வேணாண்டா. மாட்டிக்கிட்டா ரெண்டு பேருக்கும் கேடு."

"இத்தன வருஷப் பழக்கத்துல என்னிக்காச்சும் உங்கிட்ட ஒண்ணு கேட்டிருக்கேனா?"

கேட்காத வாரமே கிடையாது. ஆனால் ஓரினுக்கு முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல வராது. எழுதிக் கொடுத்துவிட்டார்.

விலக்கு கிடைத்தது. ஆனால் நாள் முழுக்க உட்கார முடியாத இதயத்தை வைத்துக்கொண்டு நோயாளிகளைப் பார்ப்பதும் ஆபத்தாயிற்றே என்று உரிமக் குழு கவலைப்பட்டிருந்தது. குணமாகிவிட்டதாகச் சான்று வரும்வரை அவர் தொழில் செய்யக் கூடாதாம். விரைவில் நலம் பெறவும் வாழ்த்தியிருந்தார்கள். கடையைப் பூட்ட வேண்டியதாயிற்று. வெர்லினுக்கு அந்தக் கடையை விட்டால் வேறு பிழைப்பும் தெரியாது, வேறு மரியாதையும் கிடையாது.

பூட்டைப் பார்த்து ஊர் முடிவுகட்டிவிட்டது. தேவாலயத்தில் அவருக்காக ஜெபித்தார்கள். வாசலில் சூடான சாப்பாட்டுப் பாத்திரங்கள் வந்து குவிந்தன.

"நீ சாகக் கெடக்கேன்னு ஊரே அழுவுது. நீ என்னடான்னா மூணாவது தட்டு நூடுல்ஸ முழுங்கிட்டிருக்கே! வெக்கமா இல்ல?" என்றாள் மனைவி க்வென்.

வெட்கம் வரவில்லை. ஏப்பம் வந்தது.

மறுநாளே ஓரினிடம் போய், குணமாகிவிட்டதாக இன்னொரு கடிதம் கேட்டார். இந்த முறை ஓரின் அசையவில்லை.

"இதயம் எப்படிடா குணமாச்சுன்னு பரிசோதனை கேப்பாங்க. எங்கிட்ட என்ன இருக்கு? பேசாம உண்மையச் சொல்லிடலாம். நீ கெஞ்சினே, நான் எழுதினேன். திட்டு விழுந்தா ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கலாம்."

"சரிடா," என்றார் வெர்லின்.

உரிமக் குழு விசாரணைக்கு நாள் குறித்தது. அன்றைக்கென்று ஓரின் ஒரு பிரசவத்தில் மாட்டிக்கொண்டார். வெர்லின் மட்டும் தலைநகருக்குக் காரோட்டிப் போனார். நகரத்து மருத்துவமனை ஒன்றில் எடுத்த இதயச் சோதனை அவர் கையில் இருந்தது. குழுவின் தலைவியம்மாள் அதைப் புரட்டினாள்.

"உங்க இதயம் ரொம்ப நல்லா இருக்கே டாக்டர். அப்புறம் அந்தக் கடிதம்?"

உண்மையைச் சொன்னால் உரிமம் போகும். வெர்லின் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை என்பதுதான் வயிறெரியும் விஷயம்.

"எங்க டாக்டர் சொன்னாரு, நான் நம்பினேன்மா. அவருக்கு வயசாயிடுச்சு, பாவம். இப்பல்லாம் கொஞ்சம் தடுமாறுறாரு."

குழுவினர் வருத்தத்தோடு தலையாட்டினார்கள். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். உரிமம் திரும்பக் கிடைத்தது, விட்ட வகுப்புகளை முடிக்கத் தவணையும் கிடைத்தது.

வெர்லின் இந்த முறை கடைசி வரை உட்கார்ந்து எண்களை எழுதினார். தொழில் நேர்மை பற்றிய கட்டாய வகுப்பும் அவற்றில் ஒன்று. கேள்வித்தாளில் நூற்றுக்கு நூறு வாங்கினார்.

ஓரினின் பெயர் மருத்துவர்களின் மேலிடத்துக்குப் போனது. அவர் வாயைத் திறந்திருந்தால் வெர்லின் கதை அன்றே முடிந்திருக்கும். அவர் திறக்கவில்லை. நகரத்தில் மறுபயிற்சி எடுத்துத் தேர்வில் தேறும்வரை நோயாளி யாரையும் தொடக் கூடாது என்று உத்தரவு வந்தது. பெர்டனில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்கூட இப்போது எழுபது மைல் ஓட வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஓரின் கண் சோதிக்க வந்தார்.

"பாடமெல்லாம் கம்ப்யூட்டர்லதான் படிக்கணுமாம். எழுத்து பொடிப்பொடியா இருக்கு. கண்ணாடி மாத்தணும்."

வெர்லின் விளக்கை அணைத்தார். கண்ணின் உள்ளே பார்க்க வேண்டுமென்றால் கன்னத்தோடு கன்னம் உரசுமளவுக்குக் குனிந்தாக வேண்டும், அந்தத் தொழில் அப்படி. கையிலிருந்த சின்ன விளக்கை ஓரினின் கண்ணுக்குக் காட்டிக் குனிந்தார். ஒருவர் மூச்சு மற்றவர் மேல் பட்டது.

"வெர்லின், நான் தடுமாறுறேன்னா அங்க சொன்னே?" ஓரின் குரலில் கோபமே இல்லை.

வெர்லின் விளக்கைச் சற்று நகர்த்தினார்.

"மேல பாரு," என்றார்.

ஓரின் மேலே பார்த்தார்.

"கீழ பாரு."

கீழே பார்த்தார்.

"நேரா என்னைப் பாக்கச் சொல்ல மாட்டியாடா?" என்று கேட்டார் ஓரின்.